சுரங்கத்துச் சாவி சகலையின் இடுப்பில்

கெலாடி தோட்டம், ரந்தாவ்.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

பகாவ் டவுனில் இரும்புக்கடை வைத்து நாலு பேர் மெச்ச வாழ்ந்துகொண்டிருக்கும் பெரிய மச்சான் முருகையா அவர்களுக்கு, தங்கள் மூத்த தங்கை முத்தாயியைக் கட்டிய நல்லசாமி பணிவான வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

தாங்களும், வள்ளியம்மா அக்காவும், கடையில் வேலை செய்கிறவர்களும், கடை வாசலில் படுத்திருந்து என்னை மட்டும் பார்த்துக் குரைக்கிற அந்த நாயும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கக் கெலாடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் முத்தாயியும் சுகம். முத்தாயி என்னோடு பேசாமல் இருப்பதால் அவள் சுகத்தை முகத்தைப் பார்த்து நானே எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் எவன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். வாட்சாப்பில் எழுதலாம் என்றால் நம் குடும்ப குரூப்புக்கு அட்மின் யார்? அவன். தனியாக உங்களுக்கு அனுப்பலாம் என்றால் உங்கள் போனை அக்காதான் வைத்திருக்கிறார். வாய்ஸ் மெசேஜ் வந்தால் ஆணி வாங்க வந்தவன் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாகப் போட்டுக் கேட்கிறார். போனில் பேசலாம் என்றால் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு, பக்கத்து வீடு அந்த முகுந்தன் வீடு. வேறு வழியில்லாமல்தான் பேனாவை எடுத்தேன். படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடவும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன் மச்சான். முகுந்தனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இதைப் பொறாமை என்று பேச்சை நிறுத்துவதற்கு முன் முத்தாயி சொன்னாள். பொறாமைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நியாயமான பொறாமை. இரண்டு தங்கைகளையும் நீங்கள்தான் முன்னின்று கட்டிக் கொடுத்தீர்கள். மூத்தவளை எனக்கு, இளையவள் மோகனாவை அவனுக்கு. அந்த முறையில் நான் மூத்த சகலை, அவன் இளைய சகலை. இது நான் கேட்டு வாங்கிய பதவி இல்லை, கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது. அதைத்தான் இங்கே ஒருத்தரும் மதிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. தோட்டத்து ரப்பர் ஆலை ஓடிக்கொண்டிருந்தபோது ஆற்றங்கரை பம்ப் ஹவுஸுக்கு நான்தான் மண்டோர், மேற்பார்வை எல்லாம் என் பொறுப்பு. நான் சுவிட்சைத் தட்டினால்தான் லயத்தில் சோறு வேகும். ஆலையை மூடி, மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு, எங்களுக்கெல்லாம் இந்த மேட்டில் தாமான் குடியிருப்பில் வீடு கொடுத்த பிறகும் என் மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. அரசாங்கத் தண்ணீர் ரந்தாவ் முழுக்கக் குளித்து, துவைத்து, கார் கழுவி முடித்த பிறகு களைத்துப்போய்த்தான் எங்கள் மேட்டுக்கு ஏறும். வெயில் காலத்தில் அதுவும் ஏறாது, தண்ணீர் லோரிதான். அப்போதெல்லாம் ஜனங்கள் என் வாசலுக்குத்தான் வருவார்கள். "மண்டோரே, தண்ணி எப்ப வரும்?" என்பார்கள். நான் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பேன், மீட்டரைத் தட்டிப் பார்ப்பேன், "சாயங்காலத்துக்குள்ள வந்துரும் லா" என்பேன். சில நாள் வரும். வராத நாளிலும் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அந்த "மண்டோரே" என்ற ஒரு வார்த்தைக்காக நான் பசியாறாமல்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படி நிம்மதியாக, தண்ணீர் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்த ஊருக்குத்தான் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான் உங்கள் இளைய மாப்பிள்ளை. அங்கே அவனுக்கு என்ன வேலை? பூமிக்கு அடியில் சுரங்கத்துக்குள்ளே பைப் மாட்டுகிற வேலை. எங்கள் மலையிலும் ஒரு சுரங்கம் இருப்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஓடுகிற ஓடையை ஆலைக்குக் கொண்டுவர எந்தக் காலத்திலோ ஒரு துரை குடைய வைத்தது. இரண்டு பக்கமும் இரண்டு கூட்டம் தோண்டிக்கொண்டு வந்திருக்கிறது. நடுவில் சந்தித்தபோது ஒரு கூட்டம் மேலே நின்றது, ஒரு கூட்டம் கீழே நின்றது. அதனால் சுரங்கத்தின் நடுவில் ஒரு மேடு. மேட்டுக்கு இந்தப் பக்கம் சுவரிலிருந்து ஒரு பாறை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. துரைக்குப் பிறகு அதில் வௌவால்தான் குடியிருந்தது, அது பாட்டுக்கு இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் பேச்சு வந்தது. தாமான் கமிட்டித் தலைவர் ஜார்ஜை உங்களுக்குத் தெரியும்; மாதா கோயில்காரர், ஆனால் மாரியம்மன் கோயிலில் அவர் உட்காராமல் பந்தி ஆரம்பிக்காது. அவர் "இந்த வருசமும் லோரித் தண்ணிதானா?" என்று கேட்டார். ஆற்றில் புது பம்ப் வைக்கலாம் என்று நான் முறையாக எடுத்துச் சொன்னேன். முகுந்தன் சட்டைக் கையை மடக்கிவிட்டான். இலையில் சோற்றை மலையாகக் குவித்தான். விரலால் நடுவில் ஒரு துளை போட்டான். இந்தப் பக்கம் ரசத்தை ஊற்றினான். அந்தப் பக்கம் வந்து அப்பளத்தின் மேல் விழுந்தது. "ஓடை மேல இருக்கு, நம்ம தாமான் கீழ இருக்கு. சுரங்கத்துக்குள்ள பைப் போட்டா பம்ப்பே வேணாம் லா. அதுவா வரும்" என்றான். பந்தியே கை தட்டியது. எச்சில் கையோடு தட்டினார்கள் மச்சான்! நானும் விடவில்லை. என் இலையில் சாம்பாரைத் தேக்கி ஆற்று பம்ப்பை விளக்கப் போனேன். அணை உடைந்து ஜார்ஜின் வெள்ளைச் சட்டைக்குப் போய்விட்டது. காரியம் அங்கேயே முடிவாகிவிட்டது.

அப்புறம் எங்கே பார்த்தாலும் அவன் பேச்சுதான். அரசாங்க ஜாபாத்தான் ஆபீசுக்கு நடந்து அனுமதி வாங்கினான். ஓடையில் சின்னத் தடுப்புக் கட்டினான். காட்டுப்பன்றி நுழையாமல் சுரங்கத்தின் மேல் வாயைச் சுவர் வைத்து அடைத்து, பைப்புக்கு மட்டும் ஓட்டை விட்டான். பைப்பை இடுப்பு உயரத்தில் இரும்புத் தாங்கி அடித்து அதன் மேல் ஓட்டப் போவதாகச் சொன்னான். தரையில் போட்டால் ஆகாதா என்று நான் கேட்டேன். நேரில் கேட்கவில்லை, முத்தாயியை விட்டு மோகனாவிடம் கேட்கச் சொன்னேன். தரையில் ஊற்றுத் தண்ணீர் ஓடுகிறது, வௌவால் எச்சம் விழுந்து மூடிவிடும், எங்கே ஒழுகுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, மேலே இருந்தால் டார்ச் அடித்துக்கொண்டே நடந்து பார்த்துவிடலாம் என்று அதே வழியில் பதில் வந்தது. நடு மேட்டில் காற்று வந்து தங்குமாம், தங்கினால் தண்ணீர் நகராதாம், அதற்கு அங்கே ஓர் ஏர் வால்வாம், பெரிய மழை பெய்து ஓடையில் குப்பை அடைத்துக்கொண்டால் யாராவது உள்ளே போய் அதைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டுமாம். காற்றுக்குக்கூட ஊரில் ஓர் இடம் ஒதுக்கியாகிவிட்டது, எனக்கு இல்லை.

இனி நடந்ததுதான் அநியாயம். பைப் மாட்டுகிற வேலையை ஊரே கூடிச் செய்வது, கோத்தோங் ரோயோங் என்று நாள் குறித்தார்கள். நான் தலை வாரி, சட்டை மாற்றி, வீட்டில் காத்திருந்தேன். ஒரு தட்டில் நாலு வெற்றிலையும் பாக்கும் வைத்து, "அண்ணே, நீங்க மூத்தவரு, முன்னால வந்து நில்லுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்? வரவில்லை. வாட்சாப்பில் ஒரு மெசேஜ் வந்தது. சுத்தியல் படம், கை கூப்புகிற படம், "அனைவரும் வருக". அனைவரில் ஒருத்தனா நான்? பம்ப் ஹவுஸ் நடத்தினவன், பெண் எடுத்த முறையில் மூத்தவன், எனக்கு ஒரு சுத்தியல் படமா? இடுப்பு வலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். வேலை நடந்த நாள் எல்லாம் படுத்தே இருந்தேன். வலி எந்தப் பக்கம் என்று தைலத்தோடு வந்து முத்தாயி தினமும் கேட்டாள், நானும் தினமும் ஒரு பக்கத்தைக் காட்டினேன். கடைசியில் தைலத்தை என் தலைமாட்டில் வைத்துவிட்டு அவளும் சமைத்துப்போடப் போய்விட்டாள். மலையடிவாரத்திலிருந்து கோழிக் குழம்பு வாசனை என் ஜன்னல் வரைக்கும் வந்தது. வெற்றிலை வரவில்லை.

திறப்பு விழா அன்று முதல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து அம்மனுக்கு அபிஷேகம். முகுந்தன் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். மாலை போட்டார்கள். அந்தோனியம்மாள் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே இங்கே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. மேட்டில் கடைசி வீடு அதுதான், லோரித் தண்ணீர் தூக்கித் தூக்கி அதற்குத் தோள் போய்விட்டது, அது அழுதது நியாயம். ஆனால் அழுகைக்கு நடுவில் என்ன சொன்னது தெரியுமா? "நீதான்யா எங்க புது மண்டோரு." நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். போன வருடம் கோலாட்டத்துக்கு வந்த பிள்ளைகளுக்குப் போர்த்தியது, மடிப்புகூடக் கலையவில்லை, சின்னதாக இருந்தது. பிறகு ஜார்ஜ் மைக்கைப் பிடித்து, சுரங்கத்து இரும்புக் கதவுச் சாவியை எல்லார் முன்னாலும் முகுந்தன் கையில் கொடுத்தார்.

அந்தச் சாவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை அவன் இடுப்பில் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறான். நடந்தால் சத்தம், மோட்டாரில் ஏறினால் சத்தம், துணி காயப்போட்டால் சத்தம். காலையில் கோப்பி ஆற்றும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அது கிணுங்குவது எனக்குக் கேட்கிறது. போதாதற்கு மோகனா தினமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, உங்க பைப்புல தண்ணி நல்லா வருதா?" என்று கேட்கிறாள். நல்லாத்தான் வருகிறது. அதுதான் எரிகிறது. அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று நான் சபதம் எடுத்தேன். கூரையில் விழுகிற மழையைப் பீப்பாயில் பிடித்து அதில்தான் குளித்தேன். மழை இல்லாத வாரத்தில் குளிக்கவில்லை. முத்தாயி பேச்சை நிறுத்தி, தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். ஒரு மனுசன் கொள்கையோடு வாழ்ந்தால் வீட்டில் எவ்வளவு நஷ்டம் பாருங்கள்.

போன வாரம் பேய் மழை. மறுநாள் காலையில் பைப் இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினால் பாவம், ஆனாலும் எழுதுகிறேன்: தீபாவளி மாதிரி இருந்தது. எல்லாரும் முகுந்தன் வீட்டுக்கு ஓடினார்கள். அவன் மந்தினில் சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். மோகனா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். "கொண்டா லா சாவிய. பைப்புக்கும் எனக்கும் இன்னிக்கு நேத்திக்கு பழக்கமா?" என்றேன். ஜார்ஜ், "மண்டோரே, உள்ள போனதில்லையே நீங்க, அவன் வரட்டுமே" என்றார். அவர் சொன்னதில் "மண்டோரே" மட்டும்தான் என் காதில் விழுந்தது. முன்னால் நான், பின்னால் ஊர். சுரங்க வாயில் பூட்டைத் திறந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது மச்சான். தலை விளக்கை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

உள்ளே வேலை சுத்தம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு தாங்கி ஆடவில்லை, ஒரு மூட்டு ஒழுகவில்லை. ஏதாவது ஒழுகாதா என்று டார்ச் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டேதான் போனேன். பாறை மூக்கு வந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் இடுப்பு உயரத்தில் பைப், நடுவில் வழி. என் வயிறு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை சமைத்துப் போட்டு வளர்த்தது, அதில் உங்கள் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழுத்துக்கொண்டு நுழைந்தேன். பாதி போனது. மீதி போகவில்லை. பின்னால் வரலாம் என்றால் பெல்ட் போய்த் தாங்கியில் மாட்டிக்கொண்டது. எதிரே கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல ஏர் வால்வு. நீட்டினேன். விரல் நுனிக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு வௌவால் பறந்து போனது, அவ்வளவு இடம் இருந்தது. வெளியே இருந்து ஜார்ஜ், "மண்டோரே, ஆச்சா?" என்று கத்தினார். "ஆயிட்டே இருக்கு லா!" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "ஆச்சா?" "காத்து ஜாஸ்தியா இருக்கு, அவசரப்படுத்தாதீங்க!" என் வயிற்றில் இருந்த காற்றைச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பொய் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சாவிச் சத்தம் இல்லாமல் ஒரு ஆள் நடந்து வருகிற ஓசை கேட்டது. மோகனா போன் போட்டிருக்கிறாள், முகுந்தன் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து மோட்டாரில் பறந்து வந்திருக்கிறான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் அங்கேயே செத்திருப்பேன். சிரிக்கவில்லை. "அண்ணே, கால கொஞ்சம் அகட்டி நில்லுங்க" என்றான். வேட்டியோடு தரையில் படுத்து, எச்சமும் சேறுமாக ஓடுகிற அந்தக் கால்வாயில் தவழ்ந்து, என் காலுக்கு நடுவில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தான். எலி வளைக்குள் போகிற மாதிரி போய்விட்டான். வால்வைத் திறந்தான். உஸ்ஸ் என்று ஒரு சத்தம், பிறகு பைப்புக்குள் தண்ணீர் ஓடுவதை என் வயிற்றாலேயே உணர்ந்தேன். குளுகுளு என்று இருந்தது.

பிறகு என்னை எடுக்கிற வேலை. வால்வுக்குப் போடுகிற கிரீஸை எடுத்து என் வயிற்றில் தடவினான். "மூச்ச விடுங்க அண்ணே. இன்னும் விடுங்க. அத்தனையும் விடுங்க" என்றான். தடவிக்கொண்டே, "இந்தப் பாறைய உடைக்க முடியாது, மேல கூரையே இதுமேலதான் நிக்குது. அதனால அன்னிக்கு வேலைக்கு வந்தவங்க எல்லாரையும் ஒருத்தர் ஒருத்தரா இதுல போயிட்டு வரச் சொல்லித்தான் தாங்கி அடிச்சோம். இருக்கறதுலயே பெரிய உடம்பு ஜார்ஜு, அவரு அளவுக்கு விட்டேன். நீங்க வந்திருந்தா உங்க அளவுக்கு விட்டிருப்பேன் அண்ணே. இப்ப நகத்தணும்னா முழு பைப்பையும் வெட்டணும்" என்றான். நான் ஏன் வரவில்லை என்று அவன் கேட்கவில்லை. வெற்றிலையைப் பற்றி நானும் சொல்லவில்லை. அந்த இடத்தில், அந்தக் கிரீஸோடு, வெற்றிலை பாக்கைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். வெளியே வந்தோமா, ஊர் முழுக்க நிற்கிறதா, தாமானிலிருந்து தண்ணீர் வந்துவிட்டதாகச் செய்தி வந்து எல்லாருக்கும் சந்தோஷமா, அப்போது இவன் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணன்தான் திறந்தாரு. நான் சும்மா டார்ச் பிடிச்சேன்." எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். அந்தோனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டது. சட்டை முழுக்கக் கிரீஸோடு நான் நிற்கிறேன், பட்டு வேட்டி முழுக்க வௌவால் எச்சத்தோடு அவன் நிற்கிறான், யார் எங்கே போய் வந்தோம் என்று குருடனுக்கும் தெரியும். இருந்தும் தட்டினார்கள். இதைவிடப் பெரிய அவமானம் ஒரு மூத்த சகலைக்கு உண்டா? என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்கு முடிந்திருக்கும். வேலையும் அவனுக்கே தெரிகிறது, பெருந்தன்மையும் அவனிடமே இருக்கிறது என்றால் மற்றவன் எதை வைத்துக்கொண்டு வாழ்வது? அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை. குறைவாகச் சாப்பிட்டும் வயிறு குறையவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகையால் மச்சான், நீங்கள்தான் இதற்கு ஒரு வழி செய்யவேண்டும். கடையை நம்பி விட்டுவிட்டுப் போக ஒரு ஆள் இல்லை என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னீர்கள். முகுந்தனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பைப், வால்வு, மூட்டு எல்லாம் அவனுக்கு அத்துபடி. கை சுத்தம், பேச்சு சுத்தம், சம்பளத்தோடு ஒரு ரூமும் கொடுத்தால் மோகனாவும் வருவாள். அவன் நல்லவன் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. நல்லவனாகவே இருக்கட்டும், பகாவில் இருக்கட்டும். அவன் போய்விட்டால் சாவி முறைப்படி மூத்தவனிடம்தானே வரும்? அது என் இடுப்பில் ஒரு நாள் கிணுங்கினால் போதும், அதற்குமேல் நான் எதுவும் கேட்கமாட்டேன். நான் எழுதினேன் என்று மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாகத் தங்கள் தங்கைகள் இருவருக்கும்.

மாரியம்மன் அருளால் தங்கள் கடையில் இரும்பு துருப்பிடிக்காமலும், கடன் சொல்கிறவர்கள் வாசல் மிதிக்காமலும், தங்களுக்கு மூட்டு வலி இல்லாமலும் இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம். நாய்க்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மூத்த மாப்பிள்ளை,
பம்ப் ஹவுஸ் மண்டோர் நல்லசாமி.

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன், ஓரம் கிழிந்திருப்பதற்கு மன்னிக்கவும்.

மச்சான், என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! சற்று முன்னால் முகுந்தனும் மோகனாவும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் குங்குமம் வைத்த சுரங்கத்துச் சாவி. "அண்ணே, பெரிய மச்சான் நேத்து போன் பண்ணாரு. கடைய பாத்துக்க பகாவுக்கு வரச் சொல்றாரு. அடுத்த வாரம் கெளம்புறோம். நீங்க மூத்தவரு, முறையா உங்ககிட்டதான் ஒப்படைக்கணும்" என்று சொல்லி இரண்டு பேரும் என் காலில் விழுந்தார்கள். நான் எழுதிய கடிதம் இன்னும் மேஜை மேலேயே இருக்கிறது, அதற்குள் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. சாவியை எடுத்து இடுப்பில் மாட்டினேன். கிணுங்கியது. அந்த நேரம் பார்த்து முத்தாயி என் வயிற்றைப் பார்த்தாள். இத்தனை நாள் பேசாதவள் வாய் திறந்து, "இப்ப யாரு உள்ள போறது?" என்றாள்.

விடிகிற நேரத்தில் பெரிய மழை பெய்து பைப் மறுபடி நின்றிருந்தது. நான் கவனிக்கவில்லை. அவர்கள் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசலில் அந்தோனியம்மாள் வந்து நின்று, "மண்டோரே, தண்ணி எப்ப வரும்?" என்றது. எவ்வளவு நாளாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்! கேட்டதும் இடுப்புச் சாவியைக் கையால் மூடிக்கொண்டேன். வானத்தைப் பார்த்தேன், மீட்டரைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கு முகுந்தன் பக்கத்து வீட்டில் இருக்கிறான், அடுத்த வாரம் இதையே கேட்டால்? மற்றவர்கள் உடம்பு பாறையைத் தாண்டும், ஆனால் வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது; ஜார்ஜ் ஒரு வௌவாலைப் பார்த்தாலே இயேசுவே என்று திரும்பி ஓடி வருகிறவர். அப்படியே முகுந்தன் கற்றுக்கொடுத்தாலும், சாவியை நான் எடுத்து ஜார்ஜ் கையில் கொடுப்பதா? அதைவிட என் சகலை கையில் இருந்தது எவ்வளவோ மேல். அவனிடம் தோற்றால் அது குடும்பத்துக்குள்.

ஆகையால் மேலே எழுதியிருப்பதில் எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். முகுந்தனை விட்டுவிடுங்கள். கடைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நாயை மட்டும் கட்டிப் போடுங்கள், நான் வந்து ஆணி நிறுத்துப் போடுகிறேன். போகாதே என்று நானே அவனிடம் சொல்ல முடியாது, மூத்தவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நீங்களாகச் சொல்வதுபோல் சொல்லுங்கள். ஆனால் போனில் சொல்லாதீர்கள், வாட்சாப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். நேரில் வந்து, வெற்றிலை பாக்கு தட்டு வைத்து, முறையாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவன் கோபித்துக்கொண்டு போய்விடப் போகிறான் மச்சான்.